நகர்ந்துகொண்டே இருந்த கிணறு

லீவு கிடைத்தால் கூடாரம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏதாவது ஏரிக்கரைக்குப் போய்வருகிற நண்பர்கள் எனக்கு நிறையப் பேர். போய்வந்த கையோடு படங்கள் அனுப்புவார்கள்: நெருப்பு, கித்தார், தண்ணீரில் இறங்குகிற சூரியன். எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். நான் சூரியனைப் பார்ப்பதில்லை. கூடாரத்தை எங்கே அடித்திருக்கிறார்கள், அங்கிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம் என்று பார்ப்பேன். அப்புறம், இது எந்த மாதம் எடுத்தது என்று கேட்பேன். சிரிப்பார்கள். சண்டை முடிந்த பிறகு ஒரு பருவம் முழுக்கக் கூடாரத்துக்குள் கிடந்து வளர்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சிரிக்க மாட்டீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் பக்கத்தில் இருந்து கேட்கலாம், தடையில்லை.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் மூன்று பேர் இலங்கைக்குத் திரும்பினோம்: அப்பா, அம்மா, நான். நான் முகாமில் பிறந்தவள். ஊர் என்பது எனக்கு அப்பா சொல்லும் கதை. அந்தக் கதையில் ஒரு வில்லு இருந்தது. மன்னாருக்குத் தெற்கே முசலிப் பக்கத்தில், மழைக்கு நிரம்பி வெயிலுக்குச் சுருங்குகிற ஆழமில்லாத ஏரியை வில்லு என்பார்கள். குளம் என்றால் அதற்குக் கட்டு இருக்கும், கரை இடம் மாறாது. வில்லுக்குக் கட்டு கிடையாது. அந்த வில்லின் கரையில் அப்பாவின் மண்வீடு, வீட்டுக்கு முன்னால் கல்லால் கட்டிய கிணறு. கிணற்றுக் கட்டில் ஏறி நின்று சின்ன வயது அப்பா கல்லெறிந்தால் அது நேராகத் தண்ணீரில் விழும். கதை எத்தனை தடவை சொல்லப்பட்டாலும் கல் தவறியதே இல்லை.

நாங்கள் போய் இறங்கியது ஆடி மாதம். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து குதித்து நான் முதலில் கண்டது வெள்ளை நிலம். உப்புப் பூத்து, வெடித்து, செருப்புக்கு அடியில் அப்பளம் போல நொறுங்கியது. ஓரமாக முள் நிறைந்த உடை மரங்கள். அவற்றுக்குப் பின்னால் யாரும் நுழைய முடியாத பற்றைக்காடு. வெகுதூரத்தில் வெயிலில் ஒரு தகரத் தட்டு மின்னியது. அதுதான் வில்லு.

"இதுதான்" என்றார் அப்பா.

அம்மா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "எது?" என்று கேட்டார்.

வீடு இல்லை. இருபது வருட மழை அந்த மண்வீட்டைக் கரைத்துக் குடித்திருந்தது. அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். கிணற்றையும் காணவில்லை. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

எல்லாருக்கும் கூடாரம் அடிக்க வெள்ளைத் தறப்பாள் கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தபோது தறப்பாள் முடிந்துவிட்டது. வேறொரு வாகனத்திலிருந்து ஒரு நீண்ட பையைத் தூக்கிப் போட்டார்கள். பையின் மேல் ஒரு படம்: பனிமலை, நீல ஏரி, பொன்னிறத் தலைமுடியோடு அப்பா அம்மா பிள்ளைகள், ஒரு நாய். எல்லாரும் ஒரு தேநீர்க் கேத்திலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாயும்கூட. கேத்திலில் அப்படி என்ன பகிடி இருக்கிறது என்று நான் நாள்கணக்காக யோசித்தேன். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. அவர்களுடைய வீட்டுக்கு என்ன நடந்தது?

"வீடு கிடக்கு அவையளுக்கு" என்றார் அப்பா. "விருப்பத்துக்கு வந்து இருக்கினம்."

"விருப்பத்துக்கோ?"

"ஓம். உல்லாசத்துக்கு."

நான் அம்மாவைப் பார்த்தேன். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தில் சோளகக் காற்று புகையை அள்ளி அப்பிக்கொண்டிருந்தது. உல்லாசம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

கூடாரத்தை நிமிர்த்துவதே ஒரு திருவிழாவானது. உள்ளே இழுவைக் கயிறு ஓடுகிற கம்பித்துண்டுகள். ஒன்றைப் பொருத்தினால் மற்றது பாம்பு போலத் துள்ளி அப்பாவின் நாடியில் அடித்தது. எங்கள் பகுதிக் கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பழைய வழக்கப்படி எல்லாரும் அவரை விதானையார் என்றுதான் கூப்பிட்டார்கள். தலைக்கவசத்தைத் தலையில் போடாமல், அதற்குள் கத்தரிக்காய் வாங்கிவந்திருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"தம்பி, இது வீடில்லை. குடை."

"குடையெண்டாலும் விரியோணுமே ஐயா."

பைக்குள் கிடந்த தாளில் படங்கள் இருந்தன. எழுத்து விளங்காவிட்டாலும் படம் விளங்கியது. நான் சொல்லச் சொல்ல இருவரும் பிடித்தார்கள். நீலமும் மஞ்சளுமாக ஒரு பெரிய ஆமை எழுந்து நின்றது.

"உன்ட மகள் கெட்டிக்காரி" என்று அப்பாவிடம் சொன்ன விதானையார், என் பக்கம் திரும்பி, "பள்ளிக்கூடம் போறனீயோ?" என்றார்.

"ஆமா" என்றேன், முகாமில் பழகிய பேச்சில்.

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை. ஆமா எண்டால் திரும்பக் கப்பலில ஏத்திப்போடுவாங்கள்."

அவர் சிரிக்காமல் சொன்னதால் நான் அன்று முழுக்க ஓம், ஓம் என்று சொல்லிப் பழகினேன்.

அந்தக் கூடாரம் பனிக்காகத் தைத்தது. பத்து மணிக்குமேல் உள்ளே இருந்தால் அவிந்துபோவோம். பிளாஸ்டிக் வாசனையும், எங்கள் மூவரின் வேர்வையும், அம்மா தலைமாட்டில் வைத்த கருவாட்டுப் பொட்டலமும் சேர்ந்து அடிக்கிற மணம் இப்போதும் ஏதாவது புதுப் பையைத் திறந்தால் மூக்கில் ஏறும். வாசலுக்கு ஜிப். அம்மா அதை வெறுத்தார். "கதவெண்டால் தட்டலாம். இதை என்னெண்டு தட்டுறது?" என்பார். ஒருநாள் நாங்கள் மூவரும் வெளியே நிற்கும்போது காற்று அதைக் கிளப்பிவிட்டது. வெள்ளை நிலத்தில் அது பந்து மாதிரி உருள, அப்பா சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு துரத்த, வில்லில் நின்ற நாரைகள் எல்லாம் ஒரேயடியாக எழும்ப, அம்மா அடுப்படியில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இங்கு வந்தபிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதற்குப்பிறகு நாலு மூலையிலும் பாறாங்கல் வைத்தோம்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன். காணி உறுதி, நிலப் பத்திரம் எல்லாம் ஓடிய ஓட்டத்தில் தொலைந்தவை. அப்பாவைப் பெற்றவர்கள் முகாமிலேயே கண்மூடிவிட்டார்கள். பக்கத்துக் காணிக்காரர் இன்னும் கடலுக்கு அந்தப் பக்கம். அதனால் விதானையார் ஒரு வழி சொன்னார்.

"கிணத்தைக் காட்டுங்கோ, தம்பி. கட்டின கிணறு இருந்தால் அதைச் சுத்திக் காணி உங்கட எண்டு நான் எழுதித் தருவன். மழைக்கு முதல் காட்டோணும். பிறகு அளக்கிறவை வந்திட்டால் இது முழுக்கக் காடு எண்டு போயிடும்."

"காட்டாட்டி?"

"காட்டாட்டி எங்கையாவது போகவேண்டியதுதான். மனுசிக்கு ஆக்கள் இல்லையோ?"

அம்மாவுக்கு ஆள் இருந்தார். நானாட்டான் ஊரில் வயல் செய்துகொண்டிருந்த மாமா, அம்மாவின் அண்ணன். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் வருவார். "பின்பக்கம் ஒரு அறை சும்மா கிடக்கு. வந்து இருங்கோவன். நல்ல தண்ணிக் கிணறு." மாமாவின் மனைவியை அம்மா மச்சாள் என்பார். பின்னால் நின்று மச்சாளும் ஏதோ சொல்வது கேட்கும். அம்மா, "பாப்பம் அண்ணா" என்று வைத்துவிடுவார். ஒவ்வொருமுறையும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். மாமாவின் பின்னறையில் போய்க் குந்துவதற்கு அவர் கடல் தாண்டி வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அம்மா அங்கே போகத்தான் ஆசைப்படுகிறார் என்றும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அப்பா தேடத் தொடங்கினார். அவரிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது: கல்லெறி தூரம். கிணற்றிலிருந்து எறிந்த கல் தண்ணீரில் விழுமென்றால், தண்ணீரிலிருந்து எறிகிற கல் கிணற்றடியில் விழத்தானே வேண்டும். தண்ணீரின் விளிம்பில் நின்று கரைப்பக்கமாக எறிந்தார். விழுந்த இடத்தில் அலவாங்குக் கம்பியால் குத்தினார், மண்வெட்டியால் வெட்டினார். ஒன்றுமில்லை. அன்று மாலை வந்து என் கையை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, உனக்கு இப்ப என்ன வயசு? அப்ப எனக்கும் உதுதான் வயசு. என்ட எறி இப்ப கூடிப்போச்சு. நீ எறி."

அப்படி நான் எங்கள் குடும்பத்தின் அளவுகோல் ஆனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வில்லுக்குப் போவோம். சேற்றில் நின்று நான் எறிவேன், அப்பா ஓடிப்போய் விழுந்த இடத்தில் தடி நடுவார், இருவருமாய் வெட்டுவோம். எனக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு கிடங்குக் குழியிலும் ஏதாவது கிடைத்தது: நத்தைக்கூடு, ஊரி, மீனின் முள், எருமையின் கொம்புத் துண்டு. வீட்டு வளவுக்குள் இவ்வளவு நத்தை எப்படி வந்தது என்று கேட்டேன்.

"முந்தி இஞ்ச நத்தை கூட" என்றார்.

விதானையார் ஒருநாள் வந்து கிடங்குகளைச் சுற்றி நடந்தார். "தம்பி, கிணறு தேடுறியளோ, வெட்டுறியளோ? இவ்வளவு வேலைக்கு ரெண்டு கிணறு வெட்டியிருக்கலாம்."

"புதுக்கிணறு வெட்டினால் எழுதித் தருவியளோ?"

"தரமாட்டன். எண்டாலும் குடிக்கலாம்."

எனக்குக் கண்ணில் பட்டதை ஆராயாமல் விடுகிற பழக்கம் இல்லை. எறிய நிற்கிற இடத்தைக் குறிக்க நான் தினமும் ஒரு தடி நட்டு வந்தேன். ஒருநாள் திரும்பிப் பார்க்கிறேன், என் தடிகள் எல்லாம் தண்ணீரை விட்டு வெளியே வரிசையாக நிற்கின்றன. வெயிலுக்கு வில்லு சுருங்கச் சுருங்க நாங்களும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறோம். கிடங்குகளைப் பார்த்தேன். அவையும் வரிசையாக வில்லை நோக்கி நடந்துகொண்டிருந்தன.

"அப்பா, எங்கட கிணறு தண்ணி குடிக்கப் போகுது" என்றேன்.

அவரும் திரும்பிப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நன்றாகச் சிரித்தார். எனக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"நீங்கள் சின்னனில கல்லெறிஞ்சது எந்த மாசம்?"

"எந்த நாளும்தான்."

"பள்ளிக்கூட நாளிலயுமோ?"

"இல்லை. மார்கழி லீவுக்கு. மற்ற நேரம் தண்ணி எங்க..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

மார்கழியில் வில்லு நிரம்பியிருக்கும். அப்போது கரை எங்கே இருந்திருக்கும்? அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை. உடை மரங்களுக்குப் பக்கத்தில் காய்ந்த பாசி ஒரு பாய் போல நீளமாகக் கிடந்தது. மரங்களின் அடியில் ஒரே உயரத்துக்குச் சேற்று நிறம் ஏறியிருந்தது, எல்லா மரமும் காலுறை போட்ட மாதிரி. அதற்கு இந்தப் பக்கம் எல்லாம் வில்லு, கிணறு அதற்கு அந்தப் பக்கம். எங்கள் கூடாரம் நின்றது வில்லின் வயிற்றில். மழை வந்தால் ஆமை நீந்தும்.

நான் மரங்களை நோக்கி ஓடினேன்.

"நில்லு. அங்கால போகாதை" என்று அப்பா கத்தினார். அவர் என்னைப் பார்த்துக் கத்துவதை அன்றுதான் கேட்டேன்.

பாசி கிடந்த கோட்டிலேயே, பற்றையின் வாசலில், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை ஒன்று சாய்ந்து நின்றது. அந்த நாட்களில் வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கண்ணிவெடி, உள்ளே போகாதே.

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். கிடங்குகளைப் பார்த்தார், என் தடிகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். நான் கண்டுபிடித்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ" என்றார் அப்பாவிடம். "உங்களுக்கு முதலே தெரியும், என்ன?"

அப்பா நிலத்தைப் பார்த்தார். "தெரியாது. நினைச்சனான்."

"என்ன நினைச்சனீங்கள்?"

"அங்க இருக்கக்கூடாது எண்டு நினைச்சனான்."

இத்தனை நாளும் அவர் சேற்றில் தேடியது மறதியால் என்றுதான் அதுவரை நான் நம்பியிருந்தேன். இப்போது அந்தக் காட்சியை வேறு விதமாகப் பார்க்கிறேன். வெட்டவெளியில் கிணறு அகப்பட்டால் மூவரும் உயிரோடு காணிக்காரர் ஆகலாம். பற்றைக்குள் இருந்தால், காணி வேண்டுமென்று ஒருவர் முதலில் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். அந்தக் கணக்கை அவர் தனியாகப் போட்டு வைத்திருந்தார். அதனால்தான் கிணற்றைத் தண்ணீர்ப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போனார்.

"மழை வர முதல் அண்ணாட்டப் போவம்" என்றார் அம்மா. அப்பா மண்வெட்டியைக் கழுவி வைத்தார். அதுதான் சம்மதம்.

மறுநாள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது விதானையார் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பலகையை எட்டிப் பார்த்தார்.

"உதுவோ? உந்தப் பக்கம் நீங்கள் வர முதலே வெடி பாத்து முடிச்சிட்டாங்கள். பலகையைக் கழட்ட மறந்துபோனாங்கள்."

"நிச்சயமோ ஐயா?"

"நிச்சயம்."

"அப்ப வாங்கோ, ஒருக்கா உள்ள போய்ப் பாப்பம்."

"நான் ஏன் வாறன்? என்ட காணியோ?"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நால்வரும் பாசிக்கோட்டில் நின்றோம். ஒருவருக்கும் அடியெடுத்து வைக்கத் துணிவில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை. அப்பா மெல்ல என்னைப் பார்த்தார். "இதில நிண்டு எறி, பிள்ளை" என்றார். "எறிஞ்சுபோட்டுச் சத்தம் போடாமல் நில்லுங்கோ எல்லாரும்."

எறிந்தேன். இலைகளில் சரசரவென்று இறங்கி மண்ணில் விழுந்தது. கொஞ்சம் இடப்பக்கம். மண். இன்னும் கொஞ்சம். கல்லில் பட்டுத் தெறித்த சத்தம். அப்பா என் தோளைப் பிடித்தார். அதே இடத்துக்கு எறிந்தேன். இலைச்சத்தம் கேட்டது. மண்ணில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. எங்கே போனது கல் என்று நான் நினைத்து முடிக்கிற நேரத்தில், கீழே எங்கோ இருந்து ஒரு சத்தம் வந்தது. 'டொபுக்.' சுற்றி வளைந்து, பிந்தி வந்த சத்தம்.

"திரும்ப எறி" என்றார் விதானையார், குரலைத் தாழ்த்தி.

திரும்பவும் அதே பிந்திய சத்தம். விதானையார் தானும் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். அது பக்கத்து உடைமரத்தில் பட்டு அவருடைய மோட்டார் சைக்கிளுக்கே திரும்பி வந்தது. "சரி, சரி. எனக்குக் காது கேக்குது, அது போதும்" என்றார்.

அவர் சொல்லியனுப்பி, வெடி எடுக்கிற பிள்ளைகள் வந்தார்கள். அத்தனை பேரும் பெண்கள். கனத்த அங்கியும் முகத்துக்குக் கண்ணாடியுமாக, நீண்ட கருவியை நிலத்துக்கு மேலே தடவித் தடவி, பற்றையை வெட்டி ஒரு ஒற்றையடிப் பாதை திறந்தார்கள். அந்தக் கருவி எப்படிக் கேட்கிறது என்று நான் கேட்ட கேள்விகளில் ஒருத்தி களைத்துப்போய், "நீ வளந்து இந்த வேலைக்கே வா" என்றாள். வெடி ஒன்றும் இருக்கவில்லை. பாதை முடிகிற இடத்தில், முள்ளுக்கொடி மூடி, இடுப்பளவு உயரத்தில் கல்லுக்கட்டு நின்றது. அப்பா முதலில் போனார். அம்மா அவருடைய காலடியிலேயே கால் வைத்துப் போனார். விதானையாரும் வந்தார், எல்லாருக்கும் கடைசியில்.

அப்படியே குடிக்கிற கிணறா அது. நாள்கணக்காக இறைத்தோம். கறுப்புத் தண்ணீர், அழுகல் இலை, அடியில் சேறு. சேற்றுக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வளையம், கைப்பிடி போன வாளி, ஒற்றை மரச்செருப்பு, உயிரோடு ஒரு ஆமை. அப்பா ஒவ்வொன்றையும் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, இது யாருடையது என்று தெரிகிற மாதிரி உற்றுப் பார்ப்பார். மரச்செருப்பை மட்டும் எடுத்து வேறாக வைத்தார். பிறகு அடியில் ஊற்று திறந்து, புதுத் தண்ணீர் ஊறித் தெளிந்தது.

தண்ணீரைச் சுவைத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரியின் வேலை. கடற்கரைக் கிணறு எது எப்போது உவர்த்துச் சவராகும் என்று சொல்ல முடியாது. காணி எழுதிக் கொடுப்பது விதானையாரின் கை. அந்தக் காணியில் குடியிருக்கலாமா என்பதை அம்மாவின் நாக்குத்தான் சொல்ல வேண்டும். விதானையார் பேனையைச் சட்டைப்பையில் வைத்தபடியே காத்து நின்றார். அப்பா வாளியைத் தூக்கி அம்மாவின் முன் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னே போய் நின்றார்.

அம்மா கையால் அள்ளி ஒரு வாய் வைத்து, அடக்கி, விழுங்கினார்.

"சவர்" என்றார்.

அப்பா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தேத்தண்ணிக்குச் சரிவராது. பருப்பு அவியாது" என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். "அண்ணாவின்ட கிணத்துத் தண்ணி கல்கண்டு மாதிரி."

"அப்ப..." என்றார் விதானையார்.

"ஆனா அங்க அள்ளுற வாளி மச்சாளின்ட" என்றார் அம்மா.

சொல்லிவிட்டு எங்கள் வாளியில் இருந்த மிச்சத் தண்ணீரைத் தன் காலடியில் ஊற்றிக் காலைக் கழுவினார். பிறகு கயிற்றை அப்பாவின் கையிலிருந்து வாங்கி, தானே வாளியை உள்ளே இறக்கினார்.